முதல்முறை பார்ப்பவருக்கும் இரண்டு வரி

ஆசிரியருக்கு,

2026 உலகக்கோப்பைக் கால்பந்து பற்றிய தங்கள் சிறப்புப் பக்கம் கண்டேன். நட்சத்திர வீரர்களும் பழைய சாதனைகளும் நிறைய இருந்தன. ஆனால் முதல்முறையாகப் பார்க்க உட்காருபவருக்குப் போட்டி எப்படி நகர்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். 48 அணிகள், நான்கு நான்காக 12 பிரிவுகள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளோடு, மூன்றாமிடம் பிடித்தவற்றில் சிறந்த எட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். அதன்பின் தோற்றால் வெளியே. இது பிடிபட்டால் போதும், ஆஃப்சைடு போன்ற ஆட்ட விதிகளெல்லாம் பார்க்கப் பார்க்கப் புரிந்துவிடும்.

2022-இல் சவுதி அரேபியா 2-1 என்று அர்ஜென்டினாவை வீழ்த்தியபோது, கால்பந்தே பார்க்காத என் அம்மா, "அப்போ மெஸ்ஸி ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதானா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது என்று புள்ளிக் கணக்கைச் சொன்னேன். அப்புறம் மெக்சிகோவுடனான ஆட்டத்துக்கு நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தார். 64-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி கோல் அடித்ததும் பக்கத்து வீடு கேட்கக் கை தட்டினார். எனவே, தினமும் புள்ளிப் பட்டியலுக்குக் கீழே, எந்த அணிக்கு இனி என்ன முடிவு தேவை என்று இரண்டு வரியும், ஆட்டம் தொடங்கும் இந்திய நேரமும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.