மதியத்திலும் திறந்திருக்கும் பூங்காவுக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குப் பூங்கா வழியாக வந்தேன். புங்க மர நிழலில் உணவு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் ஹெல்மெட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில், வீட்டு வேலை முடித்து வந்த இரண்டு அக்காக்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். திறப்பு விழா மேடையில் சொல்லாமல் விட்டுப்போனவர்கள் நிறையப் பேர். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் பெயர் போடவில்லை. ஆனால் யார் என்ன செய்தார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா. இன்று பூங்காவாக இருக்கும், அன்று வேலி போட்டுக் கிடந்த அந்த ஐந்து கிரவுண்டு இடம் யாருக்கோ சொந்தம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பெரிய மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், இது அந்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம்தான் என்று அவர்தான் எடுத்துச் சொன்னார். சரி, பத்திரம் எங்கே? எங்கள் பகுதி 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அப்போது 42 உள்ளாட்சிகள் ஒன்றாக இணைந்தன. கோப்புகள் இடம் மாறியதில் எங்கள் பத்திரம் எந்த அலமாரியிலும் அகப்படவில்லை. ஐயா விடவில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, ஆவண எண்ணைக் கண்டுபிடித்து, சான்றிட்ட நகலையே வாங்கிவிட்டார். முட்டி வலியோடு எத்தனை முறை அந்தப் பதிவு அலுவலகப் படிக்கட்டு ஏறினீர்கள் ஐயா! புல வரைபடத்தை விரித்து, வேலி எத்தனை அடி தெருப்பக்கம் வந்திருக்கிறது என்று நீங்கள் அளந்து காட்டிய காலைதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

பூக்கார அக்காவுக்கு அடுத்த நன்றி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த இடத்தில்தான் படகு வந்து நின்றது. அன்று தன் மகன் எடுத்த படத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதில் பாதி முழுகிய ஒரு பலகை தெரிகிறது: "பொது உபயோகத்திற்கான இடம்". பலகையை யார் பிடுங்கினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அது இருந்ததற்கு அந்தப் படம்தான் சாட்சி. வேலியை அகற்றக் கேட்ட எங்கள் மனு விசாரணைக்கு வந்த நாளில் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து, நடுங்காமல் பேசினீர்கள் அக்கா.

ஃபீஸ் வாங்காமல் நின்ற வக்கீல் தங்கை, பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டதை எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் வரி வரியாகப் படித்துக் காட்டினார். வேலி அகற்றிய அன்று வெயிலில் நின்ற பொறியாளருக்கும் ஊழியர்களுக்கும் நன்றி.

வேலி போனதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அப்புறம்தான் பெரிய வாக்குவாதமே வந்தது. "சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று பலகை வைக்கலாம், அடையாள அட்டை கொடுக்கலாம் என்று கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் வாரியக் குடியிருப்புப் பையன்கள் வந்து அமர்க்களம் பண்ணுவார்கள் என்ற பயம். நானும் அன்று தலையாட்டினேன். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன். அந்தக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த பால்வாடி டீச்சர் அம்மா எழுந்தார். "மனு போட கையெழுத்து கேட்டு எங்க பிளாக்குக்கு வந்தீங்க. எல்லாரும் போட்டோம். இப்ப எங்க பிள்ளைங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளியில நின்னு பாக்கணுமா?" யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அட்டைப் பேச்சு அன்றோடு நின்றது. டீச்சரம்மா, பொது இடம் என்று ஊரெல்லாம் மனு கொடுத்த எங்களுக்கு, பொது என்றால் யார் என்பதை நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள்.

மதியப் பூட்டு வேண்டாம் என்றதும் அவர்தான். சென்னையில் பல பூங்காக்களைக் காலை நடை முடிந்ததும் பூட்டி, சாயங்காலம்தான் திறந்துவந்தார்கள். வெயிலில் அலைகிறவர்களுக்கு நிழல் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தானே? பூட்டாமல் இருப்பதால் மதியக் காவலுக்கு முறைவைத்து வரும் பென்ஷன் நண்பர்கள் ஆறு பேருக்கும் நன்றி.

சக்கர நாற்காலியில் வரும் தம்பியை மறக்கவே முடியாது. மாடும் பைக்கும் நுழையாமல் இருக்க, கம்பியை வளைத்து வளைத்து ஒரு வாசல் வரைந்திருந்தார்கள். அதில் தன் நாற்காலியும் நுழையாது, குழந்தை வண்டியும் நுழையாது என்று டேப்பை வைத்து அளந்து காட்டினார். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளத்துக்குச் சரிவு வேண்டும் என்று கொத்தனார் அண்ணனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தபோது, முதல் முறையாக அலை பக்கம் போனவர் அவர். அடுத்த மாதமே புயலில் அது சேதமானதையும் பார்த்தவர். அதனால்தான் சரிவுப்பாதையின் பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்கினார். கொத்தனார் அண்ணன் அந்தச் சரிவை இரண்டு முறை உடைத்துக் கட்டினார். இரண்டாவது தடவைக்குக் கூலி வாங்கவில்லை.

விடிவதற்குள் பெருக்கிவிட்டுப் போகும் தூய்மைப் பணியாளர் அக்காக்களே, உங்களுக்குக் கழிப்பறைச் சாவி ஒன்று தனியாகச் செய்தாகிவிட்டது, காவலரிடம் இருக்கிறது.

செடிகளுக்கான தண்ணீர் இணைப்பு மட்டும் இன்னும் வரவில்லை. அதுவரை தன் வீட்டு மோட்டாரைப் போட்டு, தினமும் காம்பவுண்டுச் சுவர் மேலாக டியூபை நீட்டுகிற மூலை வீட்டுப் பாட்டிக்கு நமஸ்காரம். டியூபை மடக்காமல் சுற்றிவைக்கச் சொன்னீர்கள் பாட்டி. பசங்களிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் தெருக்காரன்