மழைக்கு என்ன சோகம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் பேரன் போன வாரம் தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் பேசிப் பழகிக்கொண்டிருந்தான். "அன்று சோகமான வானிலை" என்றான். மழைக்கு என்னப்பா சோகம் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் 'டிஸ்மல்' என்று யோசித்துவிட்டு, கைப்பேசி அகராதி காட்டிய முதல் சொல்லைப் போட்டானாம்.

நான் முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவள். அகராதி புரட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. பார்த்தால், 'டிஸ்மல்' ஆரம்பத்தில் பெயரடையே இல்லை, நாளின் பெயர். லத்தீனில் 'டியேஸ் மாலி' என்றால் கெட்ட நாட்கள். அது பழைய பிரெஞ்சில் 'டிஸ் மால்' ஆகி ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவின் நாட்காட்டிகளில் மாதத்துக்கு இரண்டு, ஆக வருடத்துக்கு 24 நாட்களை ஆகாத நாள் என்று குறித்து வைத்திருந்தார்கள். எகிப்திய நாட்கள் என்றும் அவற்றுக்குப் பெயர். மூலம் மறந்துபோன பிறகு 'டிஸ்மல் டே' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கெட்ட நாள் நாள்! நம் 'நடுசென்டர்' மாதிரிதான். களையிழந்த, இருண்ட என்ற பொருளெல்லாம் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது.

தேக்காவில் வாங்கிய தினசரி காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன். இது நம் கரிநாளேதான். அதுவும் திதி, நட்சத்திரம் பார்க்காமல் மாதத் தேதியை வைத்தே வருவது. அவர்கள் பட்டியலில் ஜனவரி 1 கெட்ட நாள். நம் பட்டியலில் தை 1, 2, 3 மூன்றுமே கரிநாள். இதை நான் மறக்க முடியாது. 1987இல் பொங்கலுக்கு முதல் நாள்தான் எங்கள் ஈசூன் வீட்டுச் சாவி கிடைத்தது. கரிநாளில் பால் காய்ச்சக் கூடாது என்று மாமியார் சாவியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். மூன்று நாளும் மழை விடவில்லை. சொந்த வீடு பூட்டிக் கிடக்க, வாடகை அறையில் ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்று நாளுக்கான ஆங்கிலச் சொல் எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போட்டால் ஒட்டாது. தேர்வு முடிவு என்றால் படுமோசம். நாள் என்றால் விளங்காத நாள். பொருளியலை 1849இல் தாமஸ் கார்லைல் 'டிஸ்மல் சயின்ஸ்' என்று எழுதினார். அதை 'விளங்காத சாஸ்திரம்' என்று நான் சொல்லப்போக, பொருளியல் படிக்கும் பேத்திக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு அர்த்தத்திலும் சரிதானே என்றேன்.

உங்கள் மாணவர் பக்கத்தில் சொல்லுக்குப் பொருள் தரும்போது, எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்றும் போடலாமே. பேரனுக்கு 'மப்பும் மந்தாரமுமாக இருந்தது' என்று சொல்லிக் கொடுத்தேன். வகுப்பில் சொன்னானாம். மப்பு என்றால் வேறு என்று சினிமாவில் கற்றுக்கொண்ட நண்பர்கள் சிரித்துத் தீர்த்துவிட்டார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர்,
ஈசூன்