மலை ரயிலில் பேச்சுக் கொடுக்க நேரம் உண்டு

ஆசிரியருக்கு,

ஊட்டி மலை ரயிலைப் படமெடுக்கும் ஆர்வலர்கள் ஊழியர்களோடு நட்பாகப் பழகுவதால் அவர்கள் பணிக்கு இடையூறு என்ற தங்கள் செய்தியைப் படித்தேன். இடையூறு நட்பினால் அல்ல, நேரங்கெட்ட நேரத்தில் பேச்சுக் கொடுப்பதால் வருகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரப் பாதை (எஞ்சினின் பற்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்களைப் பற்றி ஏறும் பாதை) மிகச் செங்குத்தான இடங்களில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி உயர்கிறது. நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் (பெட்டியின் பிரேக்கை இயக்கும் ஊழியர்) காட்டும் கொடிதான் அவருக்குக் கண். மற்றப் பெட்டிகளின் பிரேக்ஸ்மேன்களும் எஞ்சின் விசிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்நேரம் போய் ‘அண்ணே, ஒரு செல்ஃபி’ என்றால் எப்படி? வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போதும் எஞ்சின் ஊழியர்களுக்கு ஓய்வில்லை. எண்ணெய்க் கேனும் கையுமாக எஞ்சினைச் சுற்றி வருவார்கள். ஊழியர்களோடு பழகிய ஆர்வலர்கள் அப்போது நாலடி தள்ளி நிற்பதையும், புதியவர்களை அவர்களே விலக்கிவிடுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தடை விதிப்பதைவிட, தண்ணீர் நிறுத்தங்களில் எஞ்சினைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு போடலாம். குன்னூர் பணிமனையில் மாதம் ஒருநாள், பணி முடிந்த ஊழியர்களை ஆர்வலர்கள் சந்தித்துப் பேச ரயில்வே அனுமதிக்கலாம்.

– ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்