சின்னவளின் பெயரை இரண்டு பதிவேட்டிலும் எழுதிவிடு

மடு மாதா துணை

பேசாலை, மன்னார், இலங்கை

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைப் போலத்தான். இருந்தாலும் விடிந்ததும் மீன் வாடிப் பக்கம் ஒரு நடை போய் வந்தால்தான் அவருக்கு அன்றைய நாள் தொடங்கும். போனில் கதைக்கும்போது சின்னவள் அழத் தொடங்கிவிட்டாள், நீயும் வைத்துவிட்டாய். நான் சொல்ல நினைத்ததில் பாதி நின்றுபோனது. தாளில் எழுதி அனுப்பினால் மருமகனும் ஆறுதலாக இருந்து படிப்பார் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சின்னவளுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒரு வயது முடிவதற்குள் சென்னைக்குப் போய், இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவள் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். இதை நீங்கள் தள்ளிப்போடுவதுதான் எனக்கு இப்போது பெரிய கவலை.

"இங்கேயே பிறந்த பிள்ளைக்கு எதற்கம்மா சிலோன் பேப்பர்?" என்று கேட்டாய். திருச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தாள், தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது, பிறகென்ன என்று நினைக்கிறாய். அந்தச் சான்றிதழ் அவள் எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தாள் என்று சொல்லும். எந்த நாட்டுப் பிள்ளை என்று சொல்லாது. இந்தியச் சட்டத்தில் பிறந்த தேதியை வைத்துத்தான் எல்லாம். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால், தாய் தகப்பன் யாராக இருந்தாலும் அந்தப் பிள்ளை இந்தியப் பிரஜை. அதற்குப் பிறகு பிறந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3இல் இருந்து இன்னும் இறுக்கிவிட்டார்கள்: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டப்படி நாட்டுக்குள் வந்தவராக இருக்க வேண்டும். உனக்கும் மருமகனுக்கும் இந்தியக் குடியுரிமை இல்லை. அப்படியென்றால் சின்னவளுக்கும் இல்லை.

மண்டபம் அகதி முகாமில் பிறந்த அந்த அக்காவுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்ததே என்று சொன்னாய். அவர் பிறந்தது 1986இல், அந்தக் கோட்டுக்கு முன்னால். அதனால்தான் மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2022இல் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது, 2024 ஏப்ரலில் திருச்சியில் அவரால் வாக்களிக்கவும் முடிந்தது. அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்து நானும் அழுதேன். ஆனால் நீ பிறந்தது 1999இல். அவர் நுழைந்த கதவு உனக்குத் திறக்காது, மகள். அதற்காக அவரைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் இருக்க வேண்டாம். அவர் போராடி வாங்கியது அவருடைய உரிமை.

2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9க்கு முன்னால் வந்து பதிந்திருக்கிற இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லை என்று தண்டிப்பதில்லை என்கிறது. நல்ல காரியம். நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனாலும் அது தண்டனையில் இருந்துதான் காப்பாற்றும், குடியுரிமை தராது. பணக்கொடையைக் கூட்டினார்கள், முகாமில் புது வீடுகள் கட்டித் தந்தார்கள். அந்த மண் நமக்குச் சோறு போட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதையும் குடியுரிமையையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளாதே, அவ்வளவுதான் சொல்கிறேன்.

இப்போது இலங்கைப் பக்கத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு நம் நாட்டுப் பிரஜாவுரிமை தானாக வந்து ஒட்டாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. பிள்ளை பிறக்கும்போது பெற்றவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும், பிறந்து ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். வருஷம் கடந்தால் நியாயமான காரணம் காட்ட வேண்டும், தாமதக் கட்டணமும் சேரும். வருஷம் கடந்துவிட்டால் உரிமையே போய்விட்டது என்று முகாமில் சிலர் சொல்லித் திரிவார்கள், அது சரியில்லை. பிந்தியும் பதியலாம். ஆனால் கையில் நாலு மாதம் இருக்கும்போது எதற்காகப் பிந்த வேண்டும்?

மருமகன் தயங்குவதும் எனக்குத் தெரியும். அவருடைய அப்பா அம்மாவின் பத்திரங்கள் எல்லாம் முல்லைத்தீவில் போய்விட்டன, அவரையும் யாரும் பதியவில்லை. "எனக்கே ஒன்றும் இல்லை, பிள்ளைக்கு எப்படி எடுப்பது" என்று நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறார். அவரிடம் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டு: தகப்பனின் பேப்பர்தான் வேண்டும் என்ற காலம் முடிந்துவிட்டது. உன்னுடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ் போதும்.

உன்னைப் பதிந்த காலத்தில் அப்படி இல்லை. 2002இல் சமாதானம் வந்து பாதை திறந்த பிறகுதான் மன்னாரில் இருந்து பெரியப்பா பத்திரங்களை எடுத்து அனுப்பினார். ஒபரில், அதுதான் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில், வேலை செய்த பிள்ளைகள், நம்மைப் போல முகாமில் வளர்ந்தவர்கள், வரிசை வரிசையாக வந்து படிவம் நிரப்பித் தந்தார்கள். சந்திரகாசன் ஐயா 1984இல் தொடங்கிய அந்தக் கழகம் இல்லாவிட்டால் முகாமில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரு துண்டுத் தாள்கூட இருந்திருக்காது. என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பத்திரமாக இருந்தது. 1990இல் படகேறும்போது பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் அவர்களுக்கு வேண்டியது அப்பாவுடையது. உன்னைப் பத்து மாதம் சுமந்து பெற்ற நானும் இலங்கைப் பிரஜைதான், ஆனாலும் என் வழியாக உனக்கு அந்த உரிமை வராது என்பதுதான் அன்றைய சட்டம். புருஷன் காணாமல்போன பெண்கள், புருஷன் விட்டுப்போன பெண்கள் அந்த முகாமில் எத்தனை பேர் இருந்தார்கள்! அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

2003இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, தகப்பன் என்று இருந்த இடத்தில் பெற்றவர் என்று போட்டார்கள். தாய், தகப்பன், யாராக இருந்தாலும் சரி. நான் உனக்குக் கொடுக்க முடியாததை நீ உன் மகளுக்குக் கொடுக்கலாம். நீ போனை வைத்த பிறகு நான் இரவெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

இன்னொரு பயமும் உனக்கு இருக்கிறது. நீ சொல்லாவிட்டாலும் எனக்கு விளங்கும். இலங்கைப் பேப்பர் எடுத்தால் நாளைக்கு இந்தியக் குடியுரிமை தருகிறோம் என்று வரும்போது நம் பிள்ளையைத் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். முகாமில் பாதிப் பேர் இதற்காகத்தான் பதியாமல் இருக்கிறார்கள். நான் யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன்: இந்தியா கொடுக்க முடிவுசெய்தால், அது வேறு நாட்டுப் பிரஜைக்கும் கொடுக்கும் சட்டம்தான். ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்திருக்க இந்தியா விடாது, அன்றைக்கு ஒன்றை விட வேண்டியிருக்கும். அன்றைக்கு விடுங்கள். இல்லாத ஒன்றுக்காகப் பிள்ளையை இன்றைக்கு எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாமல் வைக்காதீர்கள். பதிந்தால் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் அங்கேயே இருங்கள். வரச்சொல்லி நான் இதை எழுதவில்லை.

ஹட்டன் பக்கத்து ஆச்சியை உனக்கு நினைவிருக்கும், மூன்றாவது வரிசையில் இருந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து படகேறிய குடும்பம். அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து அங்கேயே வேலை செய்தவர். உன் மகளுக்கு உரிமை கொடுக்கிற இதே 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவர்களைப் போன்ற மலையகத் தமிழரை ஒரே நாளில் நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இருந்து ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆச்சி எந்தக் கணக்கில் வந்தார் என்று அவருக்கே தெரியாது. அவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003இல் வந்த தனிச் சட்டமும் இலங்கையிலேயே தொடர்ந்து இருந்தவர்களுக்குத்தான், இந்தியாவுக்குத் தப்பி வந்தவர்களுக்காக 2009இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆச்சி கண்ணை மூடும்வரை கையில் இருந்தது முகாம் பதிவு அட்டை மட்டும்தான். நாடில்லாமல் இருப்பது என்ன என்று நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்த மனுஷியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இங்கேயும் பார்க்கிறேன். நமக்குப் பக்கத்துக் காணிக்கு முகாமில் இருந்து திரும்பிவந்த குடும்பத்தில் ஒரு பொடியன். கெட்டிக்காரன். சாதாரண தரப் பரீட்சைக்கு, அங்கே பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி, அடையாள அட்டை வேண்டும். அதற்குப் போனால் பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது, பிரஜாவுரிமைச் சான்றிதழ் இல்லை. ஓர் அலுவலகத்தில் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இது இந்தியப் பிள்ளையல்லவா" என்று கேட்டார்களாம். முகாமில் அவனைப் பள்ளிக்கூடத்தில் சிலோன்காரன் என்று கூப்பிட்டார்கள். பிறகு பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அலைந்து, தாமதக் கட்டணம் கட்டி, எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அவனுடைய கூட்டாளிகள் உயர்தரம் போய்விட்டார்கள். சின்னவள் இங்கே படிக்க வருவாளோ, வேறெங்காவது போவாளோ, யாருக்குத் தெரியும்? எங்கே போனாலும் கடவுச்சீட்டு என்று கேட்கும்போது அவளிடம் ஒன்று இருக்க வேண்டும்.

சரி, என்னென்ன வேண்டும் என்று கேட்டாய். அவளுடைய பிறப்புச் சான்றிதழ். அதில் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார், சிலவேளை "பெண் குழந்தை" என்று மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். உன்னுடைய பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ், உங்கள் கல்யாணச் சான்றிதழ். கோயிலில் செய்த கல்யாணம் என்பதால் பங்குச் சாமியாரிடம் பதிவேட்டுப் பிரதி ஒன்றும் வாங்கி வைத்துக்கொள். எல்லாவற்றிலும் மூலமும் பிரதியும். படிவமும் கட்டணமும் அவ்வப்போது மாறும், போவதற்கு முன்னால் போன் பண்ணிக் கேட்டுவிடு. தாசில்தார் ஆபீஸிலும் கியூ பிராஞ்ச் போலீஸிலும் சொல்லிவிட்டுப் போங்கள், முகாம் செக்கிங் நாளில் ஆள் இல்லை என்று வரக்கூடாது.

பெயர்தான் பெரிய தலைவலி. உன் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது, முகாம் அட்டையில் ஓர் இனிஷியல்தான் இருக்கிறது. மருமகனுடைய பெயரை ஆஸ்பத்திரியில் எப்படி எழுதினார்கள் என்று ஆங்கில எழுத்துக்களையும் சேர்த்துப் பார். ஓர் எழுத்து வித்தியாசம் என்றாலும் சென்னைக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். பிழை இருந்தால் முதலில் திருச்சியிலேயே திருத்துங்கள். தாயின் பேப்பர் போதாது என்று யாராவது சொன்னால் வாய்மூடிக்கொண்டு வந்துவிடாதே. 2003 திருத்தம் என்று மரியாதையாகச் சொல், பெரிய அதிகாரியிடம் கேட்கச் சொல்.

சின்னவளுடைய வேலை முடிந்த பிறகு மருமகனுடையதையும் பார்ப்போம். முல்லைத்தீவில் அவருடைய அப்பாவின் பிறப்புப் பதிவு எங்காவது இருக்கிறதா என்று கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், கேட்டுப் பார்க்க உன் அப்பா போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மருமகனுடைய அப்பாவின் அப்பா பெயரும், பிறந்த ஊரும், கிட்டத்தட்ட எந்த வருஷம் என்பதும் தெரிந்தால்தான் தேடலாம். மருமகனிடம் கேட்டு எழுதி அனுப்பு.

சான்றிதழ்களை எல்லாம் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நானே போன் எடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா