காலிமுகத்திடலில் அம்மாவின் கையைப் பிடித்தவர்களுக்கு

இந்த 2022ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி கொழும்புக் காலிமுகத்திடலில் எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

என் அம்மா, 2009 மே 18இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் இருந்து உயிரோடு வந்தவர். அவருடைய தம்பி வரவில்லை. 2011இல் நாங்கள் கொழும்புக்கு வந்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு மே 18ஆம் திகதியும் அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு விளக்கு ஏற்றுவார். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று யன்னல் சீலையையும் இழுத்துவிடுவார். இந்த நகரத்தில் அந்த அழுகைக்கு இடம் கிடையாது என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த, யாரும் பேசாத விசயம்.

இந்த முறை திடலில் நினைவேந்தல் என்று கேள்விப்பட்டதும் அம்மா போகவே மாட்டேன் என்றார். 9ஆம் திகதி அங்கே, அரசை எதிர்த்துப் போராடுகிறவர்களின் கூடாரங்களை அடித்து நொறுக்கிய காட்சியைப் பார்த்துப் பயந்திருந்தார். மேல் மாடி அன்ரிதான் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நானும் வாறன், பயமாயிருந்தா உடனே திரும்பிடுவம்" என்று எழுப்பினார். அன்ரி, நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் வாசல்படி தாண்டியிருக்க மாட்டோம். ஓட்டோ அண்ணாவுக்கும் நன்றி. இரவு முழுக்க வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலில் எங்களைக் கூட்டிப்போய், எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் பாதிக் காசுதான் வாங்கினீர்கள்.

அந்தத் திடலைப் பற்றி எங்கள் வீட்டில் வேறொரு கதையும் உண்டு. 1956 ஜூன் 5ஆம் திகதி, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து அங்கே சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். அம்மப்பா அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பண்டாரநாயக்காவின் சிலை திடலோரம் இப்போதும் நிற்கிறது. அதைக் கடந்து போகும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அப்புறம் நடந்ததைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிக்கு ஒருவர், பாதிரியார்கள், ஐயர், மௌலவி எல்லோரும் சேர்ந்து நின்றார்கள். விளக்கு ஏற்றினார்கள். கஞ்சி வந்தது. அம்மா அதை வாங்கிக்கொண்டு குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போதுதான் தங்கச்சி, நீ வந்தாய். கறுப்புச் சட்டை போட்டிருந்தாய், இருபது வயது இருக்கும். இது என்ன கஞ்சி என்று சிங்களத்தில் கேட்டாய். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் சாமான் வாங்கப் பழகியது மட்டும்தான். ஆனால் அது போதுமாக இருந்தது. "ஹால், வத்துர, லுணு" என்றார். அரிசி, தண்ணீர், உப்பு. வேறு ஒன்றும் இல்லை என்று கையை விரித்துக் காட்டினார். 2009இல் அந்தக் கடைசி மாதங்களில் சனம் உயிர் பிழைத்தது அதைக் குடித்துத்தான். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு "மகே மல்லி" என்றார். என் தம்பி. அதற்கு மேல் ஒரே ஒரு சொல், "நே". இல்லை.

நீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தாய், உன் பங்குக் கஞ்சியைக் குடித்தாய், அழுதாய். அம்மாவும் அழுதார், சத்தமாக, கொழும்பில் முதல் தடவையாக. சுற்றி நின்றவர்கள் யாரும் திரும்பி முறைக்கவில்லை. கொஞ்சம் விலகி எங்களுக்கு இடம் விட்டார்கள். அம்மாவுக்குத் தலைசுற்றியபோது மருத்துவக் கூடாரத்துத் தம்பிமார் ஓடி வந்தீர்கள். நொறுக்கப்பட்ட கூடாரங்களை மறுபடி கட்டி எழுப்பிய கைகளுக்கும், அன்று கஞ்சி காய்ச்சிய கைகளுக்கும் என் வணக்கம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தெருவில் உட்கார்ந்த தாய்மார் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள். எரிவாயு வரிசையும் குறையவில்லை. ஆனாலும் இந்த நாட்டில் என் பிள்ளையை வளர்க்கலாம் என்று அன்று வீடு திரும்பும் வழியில் முதல் தடவையாக நினைத்தேன். அந்த நினைப்பைத் தந்தவர்கள் நீங்கள்தான்.

தங்கச்சி, உன் நீலக் குடை எங்களிடம் இருக்கிறது. அம்மாவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றாய், திருப்பித் தர மறந்துவிட்டோம். அம்மா அதைத் துடைத்து மடித்து வைத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை பின்னேரம் மருத்துவக் கூடாரத்துக்குப் பக்கத்தில் இருப்போம். இந்த முறை அம்மாவேதான் போவோம் என்றார்.