வெளிச்சம் பிடித்த பெரியவருக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

டெக்சஸின் சான் அன்டோனியோவில், லத்தினோ மக்களின் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களின்) பள்ளி வரலாற்றைப் பற்றி நான் பேசிய சனிக்கிழமைக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. இடம் கிடைக்காமலும், பேச எனக்கு என்ன உரிமை என்ற கேள்விகளோடும் அதற்கு முந்தைய பத்து நாட்கள் எப்படிப் போயின என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் என்னோடு சேர்ந்து தூக்கம் கெட்டவர்கள். அதை மறுபடி கிளறப் போவதில்லை. நெஞ்சுப் படபடப்பு இன்னும் அடங்காத நிலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆறப்போட்டால் நான் எழுதமாட்டேன்.

ஒரே மூச்சில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கூட்டத்துக்கு இடமில்லை என்று ஓரிடத்தில் கதவைச் சாத்தியதும், இரண்டே நாளில் மாதாகோயில் கூடத்தைத் திறந்துவிட்ட பங்குத்தந்தை. நாற்காலிகளைச் சுமந்த கல்லூரிப் பிள்ளைகள். "லத்தினோ வரலாற்றைப் பேச இந்த அம்மாளுக்கு என்ன உரிமை?" என்று கேட்டவர்களுக்கு என் சார்பில் பொறுமையாகப் பதில் சொன்ன மாணவிகள், அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. ஆஸ்டினிலிருந்து எண்பது மைல் கார் ஓட்டிவந்து, தமாலே தட்டுகளுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் தயிர்சாதத்தை வைத்த நம் குடும்பங்கள். தமாலே என்பது மக்காச்சோள மாவை அதன் தோகையிலேயே பொதிந்து அவிப்பது. கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டுகள் காலியான வேகத்தைப் பார்த்தால், தோற்றது தயிர்சாதம்தான். எல்லோருக்கும் நன்றி. நேரிலும் வந்து சொல்வேன்.

ஆனால் இந்த மடல் வேறொருவருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பெயர் எனக்குத் தெரியாது.

கூட்டம் நடந்தது சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில். பேச்சும் அந்த வட்டாரத்தின் சொந்தக் கதைதான்: எட்ஜ்வுட் பள்ளிகள். 1968 மே மாதம் அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், உடைந்த ஜன்னல்களையும் தகுதியான ஆசிரியர்கள் இல்லாததையும் சொல்லி வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். அந்தக் கோடையிலேயே தெமெத்ரியோ ரோட்ரிகெஸ் என்ற உலோகத் தகட்டுத் தொழிலாளியும் மற்றப் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பணம் அந்தந்தப் பகுதியின் சொத்துவரியிலிருந்து வருமானால், மண்குடிசைப் பிள்ளைக்கும் மாளிகைப் பிள்ளைக்கும் ஒரே படிப்பு எப்படிக் கிடைக்கும் என்பதுதான் வழக்கு. 1973 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர்களைக் கைவிட்டது.

திரையில் காட்ட நாற்பது படங்கள் தயார் செய்திருந்தேன். பத்தாவது, டெக்சஸின் மார்ஃபா ஊரிலிருந்த பிளாக்வெல் பள்ளி. 1954இல் அங்கே மெக்சிக அமெரிக்கப் பிள்ளைகளை ஸ்பானியச் சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதவைத்து, பெட்டியில் போட்டு, கொடிமரத்தடியில் புதைக்கவைத்தார்கள். மொழிக்கு ஈமச்சடங்கு. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே பெரிய இடி. மின்சாரம் போயிற்று.

படமும் இல்லை, மைக்கும் இல்லை. கையில் என் எறும்பு எழுத்துக் குறிப்புகள். பத்து நாளாக இழுத்துப் பிடித்திருந்தது அங்கே அறுந்தது. "இத்துடன் முடித்துக்கொள்வோம்" என்று தாள்களை மடித்துவிட்டேன்.

இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என் இடப்பக்கம் நின்று, கைப்பேசியின் டார்ச்சைப் போட்டுத் தாளுக்கு மேலே பிடித்தார். "வாசியுங்கள், மிஸ்" என்றார்.

அந்தப் பக்கத்தில் ஆசிரியையை 'மிஸ்' என்றுதான் அழைப்பார்கள், நம் ஊர்ப் பள்ளிகளைப் போலவே. என்னைவிட இருபது வயது மூத்தவர் வாயிலிருந்து அது வந்தபோது, மடித்த தாளைப் பிரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

முப்பத்தைந்து நிமிடம் நின்றார். ஒரு கை வலித்ததும் மறு கைக்கு மாற்றினார். மாற்றும்போதும் வெளிச்சம் வரியைவிட்டு விலகவில்லை. எண்கள் வரும் இடத்தில் நான் தடுமாறினேன். அந்தப் பகுதியிலேயே அதிக விகிதத்தில் வரி கட்டியது எட்ஜ்வுட். அதில் ஒரு மாணவருக்குத் தேறியது எவ்வளவு? என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. பக்கத்திலிருந்து மெல்லிய குரல்: "வெயின்திசேயிஸ்."

இருபத்தாறு. 26 டாலர். அதைவிடக் குறைந்த விகிதத்தில் வரி கட்டிய அலமோ ஹைட்ஸ் பகுதியில் அதே கணக்கு 333 டாலர். அவர் தாளைப் பார்க்கவில்லை, இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த எண் தீர்ப்பின் பிரதியிலிருந்து கிடைத்தது. அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பேச்சு முடிந்து சற்று நேரத்தில் விளக்குகள் எரிந்தன. என்னைச் சுற்றிக் கூட்டம், கைகுலுக்கல், படங்கள். ஒரு மணி நேரம் கழித்து நாற்காலிகளை அடுக்கிய மாணவி சொன்னாள்: டார்ச் போட்டே அவருடைய போன் அணைந்துவிட்டதாம். அழைத்துப்போக மகளைக் கூப்பிட வழியில்லாமல், தூறலில் வாசற்படியில் நெடுநேரம் நின்றிருக்கிறார். கடைசியில் இவள்தான் தன் போனைக் கொடுத்திருக்கிறாள். நான் பத்தடி தள்ளி, சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஊர்களில் மேடை ஏறி, அவர்கள் கதையை அவர்களுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேள்வி நேரம் என்று பத்து நிமிடம் ஒதுக்குவேன், அதிலும் நானே பேசுவேன். இனி பேச்சு பாதி நேரம்தான், மீதி அவர்களுக்கு. கோபத்தில் எடுத்த முடிவில்லை, வெட்கத்தில் எடுத்தது.

அடுத்த மாதம் அதே கூடத்தில் 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறேன். டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் நின்ற தீர்ப்பு அது. பெரியவர் ஞாயிறு காலை எட்டு மணித் திருப்பலிக்கு வருவார் என்று பங்குத்தந்தை சொன்னார். இந்த மடலை ஸ்பானிய மொழியில், பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். பையில் சார்ஜரும் இருக்கிறது. அவர் போனுக்கு எந்த முனை பொருந்தும் என்று தெரியாததால், இரண்டு வகையும்.