பச்சை லேசர் வாங்குமுன்

அன்புள்ள மகளுக்கு,

வானியல் சங்கத்தில் வருகிறவர்களுக்கு நட்சத்திரம் காட்டும் வேலை உன் பங்குக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய படத்தில் இருக்கும் அந்த மலிவு விலை பச்சை லேசரை இப்போதைக்கு வாங்காதே. '532 நானோமீட்டர், 5 மில்லிவாட்டுக்குக் கீழ்' என்று அதன்மேல் ஒட்டியிருப்பது வெறும் அச்சுத்தாள்தான் அம்மா. அளந்து பார்த்தால் அதற்குப் பல மடங்கு வருவதும் உண்டு.

532 லேசருக்குள் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒன்று நியோடிமியம் கலந்த வனடேட் படிகத்தைத் தூண்டும். அதிலிருந்து 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு வரும். அடுத்துள்ள கேடிபி படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532 ஆக்கும். இதில் உறிஞ்சப்படாத 808-ம், மாறாமல் தங்கிய 1064-ம் பச்சையோடு சேர்ந்தே வெளியே வரப் பார்க்கும். முனையில் ஒரு சின்ன வடிகட்டிக் கண்ணாடி வைத்தால் நின்றுவிடும். விலையைக் குறைக்க அதைத்தான் முதலில் விடுகிறார்கள். 2010-ல் அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் இப்படி ஒன்றைச் சோதித்து எழுதியது: 10 மில்லிவாட் என்று விற்ற லேசர், பச்சை மங்கல், அகச்சிவப்போ ஏறக்குறைய 20 மில்லிவாட்.

பச்சை கண்ணில் பட்டால் கால் நொடிக்குள் இமை மூடிவிடும். லேசர் பாதுகாப்புத் தரப்பிரிவில் வகுப்பு 2-க்கு 1 மில்லிவாட் என்ற வரம்பே அந்தக் கால் நொடியை வைத்துப் போட்டதுதான்: சதுர சென்டிமீட்டருக்கு 2.5 மில்லிவாட் வரை தாங்கலாம், இருட்டில் 7 மில்லிமீட்டர் விரிந்த கண்மணியின் பரப்பு 0.385 சதுர சென்டிமீட்டர், பெருக்கினால் கிட்டத்தட்ட 1 மில்லிவாட். அகச்சிவப்புக்கு இமை மூடாது. விழித்திரையில் வலியும் தெரியாது. பார்வையின் நடுவில் புள்ளி விழுந்த பிறகுதான் தெரியவரும்.

சங்கத்தில் யாராவது 532 வைத்திருந்தால் நீயே சோதிக்கலாம். வெள்ளை அட்டையில் சின்னத் துளை போடு. அதற்கு 10 சென்டிமீட்டர் தள்ளி, அட்டைக்கு இணையாக ஒரு பழைய சிடியை நிறுத்து, பளபளப்பான பக்கம் அட்டையைப் பார்க்கட்டும். லேசரைக் கிளிப் போட்டு அசையாமல் வைத்து, துளை வழியாகச் சிடியின் தடங்கள்மேல் அடி. எல்லாம் மேசை மட்டத்தில், கண்ணுக்குக் கீழே இருக்கட்டும். சிடியை நேராகப் பார்க்காதே, அட்டையை மட்டும் பார். சிடியின் தட இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர் என்பதால் துளையிலிருந்து 3.5 சென்டிமீட்டரில் முதல் பச்சைப் புள்ளியும், 8.9-ல் இரண்டாவதும் விழும். இப்போது அட்டையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பார். (டிவி ரிமோட்டை அழுத்தி, அதன் முனை மின்னுவது அந்தக் கேமராவில் தெரிகிறதா என்று முன்பே பார்த்துக்கொள். பின்பக்கக் கேமராக்கள் பெரும்பாலும் அகச்சிவப்பைத் தடுத்துவிடும்.) 5.8 சென்டிமீட்டர் அருகே, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி திரையில் தெரிந்தால் அது 808. அந்த லேசரைக் கூட்டத்துக்கு நடுவே எடுக்கவே விடாதே. 1064-ன் புள்ளி இரண்டாவது பச்சையின்மேலேயே விழுவதால் இந்த முறையில் பிரித்துப் பார்க்க முடியாது.

உனக்கு நான் சொல்வது 520 நானோமீட்டர் நேரடி டயோடு லேசர். படிகமும் இல்லை, மறைந்த அகச்சிவப்பும் இல்லை. டொராண்டோ குளிருக்கும் அதுதான் சரி. 532-ன் தூண்டு டயோடு குளிரக் குளிர, டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் வீதம் அலைநீளம் சுருங்கி, படிகம் உறிஞ்சும் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். பச்சை மங்கும், உறிஞ்சப்படாத 808 கூடும். மங்குகிறதே என்று உள்ளே திருகைத் திருப்பி மின்னோட்டத்தை ஏற்றுகிறவர்களும் உண்டு. வெப்பம் ஏறியதும் அதே லேசர் வரம்பைத் தாண்டி அடிக்கும்.

கற்றை எவ்வளவு விரிகிறது என்று பார்க்க, பளபளப்பில்லாத சுவரில் 2 மீட்டரிலும் 12 மீட்டரிலும் புள்ளியின் விட்டத்தை அள. 3 மில்லிமீட்டர் 15 ஆனால், 10 மீட்டருக்கு 12 மில்லிமீட்டர், அதாவது 1.2 மில்லிரேடியன் (விரியும் கோணத்தின் அளவு); கைலேசருக்கு நல்லதுதான். 445 நானோமீட்டர் நீலத்தில் புள்ளி கோடாக நீளும், அதன் டயோடு பட்டையாக ஒளிர்வதால். ஒரு வாட் நீல லேசர் என்று எதையும் தொடவே வேண்டாம் கண்ணு. கண்ணுக்கு அந்த நிறத்தில் உணர்திறன் உச்சத்தில் சுமார் 3 சதவீதம்தான். அதனால் 34 மில்லிவாட் பச்சை அளவுக்கே பிரகாசமாகத் தோன்றும், விழித்திரையில் விழுவதோ முழு வாட். சுவரில் பட்டுச் சிதறிய புள்ளியைக் கிட்ட நின்று பார்ப்பதே ஆபத்து. குளிர்கண்ணாடி இதற்கு உதவாது. அந்த அலைநீளத்தைக் குறிப்பிட்டு, ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஒளி அடர்த்தி எண் போட்ட கண்ணாடிதான் வேண்டும்.

வானத்தில் காட்டும்போது எல்லாரையும் உன் பக்கத்தில் நெருங்கி நிற்கச் சொல். கோட்டின் நுனி நட்சத்திரத்தைத் தொடுவது போலத் தெரிவது உனக்கும் ஒட்டி நிற்பவர்களுக்கும்தான். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது வேறெங்கோ முடியும். யாராவது நீண்ட எக்ஸ்போஷரில் படம் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அடி, இரண்டு மூன்று நொடி போதும். விமான விளக்கு தெரிந்தால் உடனே அணை. 5 மில்லிவாட், 1 மில்லிரேடியன் லேசரால் விழித்திரைக்கு ஆபத்து 16 மீட்டர் வரைதான், ஆனால் விமானியின் கவனத்தைச் சிதைப்பது கிலோமீட்டர் கணக்கில் எட்டும். 2018 முதல் கனடாவில், டொராண்டோ பெருநகரப் பகுதியில் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கைலேசரைத் தக்க காரணமின்றி வீட்டுக்கு வெளியே வைத்திருக்கக் கூடாது. நிகழ்ச்சி விவரத்தோடு சங்கத்தின் கடிதம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்.

சிடி சோதனை செய்தால் படம் அனுப்பு. அட்டையில் ஒரு அளவுகோலையும் ஒட்டிவிடு, புள்ளிகளின் தூரத்தை நான் இங்கிருந்தே கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா